அம்சவள்ளியின் பங்கு

இருபத்திரண்டு வைத்தால் இருபத்திரண்டுதான் வர வேண்டும். மருத்துவக் கல்லூரித் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேறு எது தப்பினாலும் இந்த எண்ணிக்கை தப்பக் கூடாது. தப்பினால் ஒருத்தர் உடம்பு இன்னொருத்தர் உடம்பாகிவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் அருள்தாஸ் தன் கையால் இருபத்திரண்டு கேசட்டுகளை எந்திரத்துக்குள் அடுக்கிவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு அதே கையால் திறந்து எண்ணினான். இருபத்து மூன்று இருந்தன.

திரும்ப எண்ணினான். மேசைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, வாய்விட்டு எண்ணினான். கேசட் என்பது தீப்பெட்டி அளவுக்கு, சல்லடை போல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டி. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத்துண்டு அதற்குள் படுத்துக்கொள்ளும். எந்திரம் இரவு முழுக்க அதை ஆல்கஹாலில் குளிப்பாட்டி, சைலீனில் அலசி, உருக்கிய மெழுகில் ஊறவைத்துக் காலையில் கொடுத்துவிடும். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறவனுக்கு எண்ணத் தெரியாமல் போகுமா? போகவில்லை. இருபத்து மூன்றுதான்.

இருபத்திரண்டின் நெற்றியிலும் பென்சிலில் எழுதிய எண் இருந்தது. கூடுதலாக வந்த ஒன்றின் நெற்றியில் எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மட்டும் லேசான ஒரு நீலக் கறை தெரிந்தது, பேனாவால் எழுதிய மை கரைந்து ஓடின கறை. அதைப் பார்த்ததும் அருள்தாஸ் கேசட்டைக் கவிழ்த்து வைத்தான். சைலீன் நெடியும் மெழுகு வாசமும் பழகிப்போன அந்த அறையில், அன்றைக்கு அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது. அப்போதுதான் பிடுங்கிய வேர்க்கடலைச் செடியின் ஈர மண் வாசம்.

டாக்டர் சமீனா ஒன்பது மணிக்கு வந்தாள். அந்தப் பிரிவுக்குத் தலைவி, கறார் பேர்வழி, ஆனால் சிரிக்கத் தெரிந்தவள்.

"மேடம், ஒண்ணு ஜாஸ்தியா வந்திருக்குது."

"ஜாஸ்தியா எப்டி வரும் அருள்தாஸ்? மெஷின் குட்டி போட்டுச்சா?" என்றாள். "கட் பண்ணிக் குடுங்க. எந்த உறுப்புன்னு தெரிஞ்சா யாருதுன்னு தேடிடலாம்."

அவன் அதை மெழுகுக் கட்டியாக வார்த்து, கத்தி வைத்த எந்திரத்தில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினான். கட்டியிலிருந்து கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய ஏடு சீவி வந்தது. அதைக் கண்ணாடியில் ஏந்திச் சாயம் ஏற்றி மேடத்திடம் கொடுத்தான். நுண்ணோக்கியில் இன்னொரு ஜோடிக் கண்வில்லை மாணவர்களுக்காக உண்டு. அதில் அவனும் பார்த்தான்.

"தோல்," என்றாள் சமீனா. "ஒரு வியாதியும் இல்லாத நல்ல தோல். எதுக்கு வெட்டுனாங்கன்னே தெரியல. கீழ கறுப்புக் கறுப்பாப் பொடி தெரியுது பாருங்க. பச்சை குத்தின எடம்."

மேலே தட்டைச் செல்கள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. அவற்றின் அடியில் ஊதாப் புள்ளிகளோடு ஒரு வரிசை. அதற்கும் அடியில், நார்களுக்கு நடுவே, மைப்பொடி. அருள்தாஸ் எழுந்து கழிப்பறைக்குப் போனான். கதவைத் தாழிட்டுவிட்டு இடது கையின் வாட்சைக் கழற்றினான். பதினேழு வயதில் மாதா கோவில் திருவிழாக் கடையில் மணிக்கட்டில் குத்திக்கொண்ட சிலுவைக்கு இப்போது ஒரு கை இல்லை. அந்த இடத்தில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குத் தோலும் இல்லை. ரத்தம் இல்லை, வலி இல்லை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, உள்சதை வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் விட்டான். தண்ணீர் பட்டது மனசுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

அவன் என்ன செய்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அவனாகச் சொல்ல மாட்டான்.

போன ஆடி மாதம் ஒரே நாளில் இரண்டு கெண்டைக்கால் கட்டிகள் வந்தன. ஒன்று காட்டேரிக்குப்பத்து அம்சவள்ளியுடையது. முப்பத்தொரு வயது, வேர்க்கடலைக் காட்டில் தினக்கூலி, தாய்க்கு ஒரே பெண். இன்னொன்று கரையாம்புத்தூர் உலகநாதன் என்ற பெரியவருடையது. கேசட்டில் எண் எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. சீவுகிற துருவி எங்கேயோ போயிருந்தது. ஆல்கஹாலில் பேனா மை கரைந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் சேர்ந்தவனுக்கும் தெரியும். அருள்தாஸுக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போக அவசரம். இரண்டிலும் பேனாவால் எழுதினான்.

காலையில் இரண்டு வெற்று நெற்றிகள். அப்போதே மேடத்திடம் சொல்லியிருந்தால் ஒரு திட்டு, இரண்டு பேரிடமும் ஊசி குத்தி இன்னொரு துணுக்கு, அவ்வளவுதான் முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. துண்டுகளைக் கூர்ந்து பார்த்து, இது பொம்பளையுடையது, இது கிழவருடையது என்று தானே நாட்டாமை செய்து எண் எழுதினான். தலைகீழாகப் போயிற்று. கான்சர் இல்லாத உலகநாதனுக்கு ஆறு மாதம் கான்சர் மருந்து ஏறியது. முடியும் பல்லும் போய்ப் பிழைத்துக்கொண்டார். கான்சர் இருந்த அம்சவள்ளியை, ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக்கட்டி, போய் வேலையைப் பார் என்று அனுப்பினார்கள். அவளும் போய் வேலையைப் பார்த்தாள். காலை இழுத்து இழுத்து வைத்துக் கடலை பிடுங்கினாள். மாசி மாதம் செத்துப்போனாள்.

செத்த பிறகு சமீனாவுக்குச் சந்தேகம் வந்தது. அந்த இரண்டு மெழுகுக் கட்டிகளையும் எடுங்கள், திரும்பப் பார்க்கிறேன் என்றாள். அருள்தாஸ் அவற்றை அடுப்பில் வைத்து உருக்கினான். மிஞ்சின சதைத்துணுக்குகளை ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டு எரிக்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு, எலி தின்றுவிட்டது மேடம் என்றான். எலி மெழுகு தின்பது அந்தக் கூடத்தில் நடப்பதுதான். அவள் நம்பினாள்.

இது போதாதென்று, கருமாதிக்கு முந்தின நாள் அம்சவள்ளியின் அம்மா மணியம்மாள் வந்து நின்றாள். அவர்கள் வழக்கத்தில் எரிப்பது இல்லை, புதைப்பதுதான். புதைத்தால் முழுசாகப் புதைக்க வேண்டும். "எம் பொண்ணு கால்லேர்ந்து எடுத்தீங்களே சார், அந்தத் துண்டக் குடுங்க. அதும் பங்கு கொறையக் கூடாது," என்றாள். எலி தின்றதென்று அவளிடம் சொன்னால் ஊரே திரண்டு வரும். மாணவர்கள் வெட்டிப் பழகுவதற்கென்று ஆட்டுத் தொடைக்கறியில் வார்த்த கட்டிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. அருள்தாஸ் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அந்தத் தாய் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை காலை மறுபடியும் ஒன்று கூடுதல். இந்தத் தடவை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தானே வெட்டி, தானே பார்த்தான். செல்கள் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றும் தன் குழிக்குள், நடுவில் கருநார் வலை. குருத்தெலும்பு. வளையும், ஒடியாது, உடம்பில் ஒரு சில இடங்களில்தான் உண்டு. எந்த இடம் என்று அவனுக்கு நினைக்கப் பிடிக்கவில்லை.

வருஷா வருஷம் புதிதாக வரும் மாணவர்களுக்கு அவன்தான் ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பான். புத்தகத்தில் எபிதீலியம், இணைப்பு, தசை, நரம்பு என்று நீட்டி முழக்கியிருக்கும். அவன் சுருக்கமாகச் சொல்வான்: மூடுறது, கட்டுறது, அசைக்கிறது, அறியிறது. எலியைக் கிழித்தாலும் யானையைக் கிழித்தாலும் இந்த நாலுதான், அஞ்சாவது கிடையாது. மூடுவது போயிற்று. கட்டுவது போய்க்கொண்டிருக்கிறது. விரல் விட்டு எண்ணவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் காரிடாரில் காலடி கேட்டது. மாணவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே கரும்புத்தோகை வெயிலில் உரசிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஒரு கால் பதிந்து ஒரு கால் இழுபடும் சத்தம் கதவு வரைக்கும் வந்து நின்றது. அருள்தாஸ் கதவைத் திறந்தான். யாரும் இல்லை. நேற்றுக் கழுவின தரையில் செம்மண் கோடு ஒன்று, இழுத்த கால் அகலத்துக்கு, அவன் மேசை வரை நீண்டு கிடந்தது. அவன் கதவைத் திறப்பதற்கு முன்பே அது உள்ளே வந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி செல்வகுமாரி காபியை நீட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, காது மடங்கிக் கெடக்குது?"

தொட்டுப் பார்த்தான். இடது காது துணி மாதிரி தொங்கியது. நிமிர்த்தி விட்டால் திரும்பவும் சரிந்து கன்னத்தில் படுத்துக்கொண்டது. செல்வகுமாரி விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல் கையை எடுத்தாள்.

"உள்ள எலும்பே இல்லாத மாரி கீதுங்க. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"நான் ஆஸ்பத்திரிலதான்டி இருக்கேன்," என்று எரிந்து விழுந்தான். கோபம் அவள்மேல் இல்லை. அவளுக்கும் அது தெரியும். ஆனால் யார்மேல் என்று அவன் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது தசை. கேசட்டைத் திறக்கும்போதே தெரிந்தது. சிவந்த, நீளவாக்கில் இழை ஓடின சதை. நுண்ணோக்கிக்கு அடியில் கோடு போட்ட நூல்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. சுருங்கினால் கால் நகரும், நீண்டால் கால் நிற்கும். அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுந்த வேகத்தில் இடது பக்கம் சாய்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டான். பேன்ட் துணிக்கு மேலேயே தெரிந்தது. இடது கெண்டைக்கால் இருந்த இடத்தில் துணி தட்டையாக எலும்போடு ஒட்டியிருந்தது.

அம்சவள்ளிக்கும் இடது கெண்டைக்கால்தான்.

கெட்ட நேரம் தனியாக வராது. பதினொரு மணிக்கு உலகநாதன் வந்தார். மாதம் ஒருமுறை மருந்து வாங்க வரும்போதெல்லாம் இங்கேயும் எட்டிப் பார்த்து, மஞ்சள் பையில் கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். பொக்கைவாய் நிறையச் சிரித்தார்.

"நீங்க கண்டுபுடிச்சிதான் நான் உசுரோட கீறேன் சார். எங்க வூட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல ஒங்க பேரத்தான் சொல்றது." பிறகு அவன் நின்ற நிலையைப் பார்த்தார். "கால்ல இன்னா சார்?"

"சுளுக்கு."

"பாத்துக்கங்க சார். கால்ல வர்றத லேசா வுட்றக் கூடாது."

அவர் போன பிறகு அருள்தாஸ் கொய்யாப்பழங்களைக் குப்பையில் போட்டான். குற்ற உணர்ச்சியா என்றால், அது எப்போதோ வந்து கதவைத் தட்டிப் பார்த்துப் போய்விட்டது. இப்போது இருந்தது பயம் மட்டும். மூன்று போயிற்று, ஒன்றுதான் பாக்கி. கடைசியாக அம்சவள்ளி எதை எடுக்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறோம் என்பதையே சொல்கிற திசு, நரம்பு.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு காட்டேரிக்குப்பம் போனான். உண்மையைச் சொல்லிவிடுவது, காலில் விழுவது, போலீஸுக்குப் போனாலும் சரி என்று பத்துக்கண்ணு ஊரைத் தாண்டும் வரைக்கும் உறுதியாகத்தான் இருந்தான். வேலை போகும், ஜெயில்கூட வரும், ஆனால் உடம்பு மிஞ்சும். மணியம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் அவன் உறுதி பாதியாகிவிட்டது.

"அம்மா, அன்னிக்கி நான் குடுத்தது..."

"தெரியும் சார்," என்றாள். தலை நிமிரவில்லை. "அதப் பொதைச்ச மூணாம் நாளே கனாவுல வந்து சொல்லுச்சு. யம்மா, எம் பக்கத்துல இன்னாத்தையோ வெச்சிட்டுப் போய்ட்ட, அது எனுது இல்ல, ராவெல்லாம் கத்திக்கினே கெடக்குதுன்னு."

அவள் விரல்கள் கடலையை நசுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டப், டப்.

"எம் பொண்ணுது எங்க சார்?"

எரித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் அவ்வளவு தூரம் வந்தான். அதற்குப் பதிலாக ஒரு யோசனை எழுந்தது, அவனைப் போன்றவர்களுக்குச் சரியான நேரத்தில் எழுகிற யோசனை. தன் உடம்பிலிருந்து அம்சவள்ளி எடுத்த துண்டுகள் தன்னிடம்தான் இருக்கின்றன. அவற்றையே இவளிடம் கொடுத்து அவள் பக்கத்தில் புதைக்கச் சொன்னால்? துண்டுக்குத் துண்டு சரியாகப் போகாதா?

"லேப்லதான்மா இருக்குது. டப்பா மாறிப்போச்சு. நாளைக்கிக் குடுத்துடறேன்."

மணியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அவன் தொங்கும் காதைப் பார்த்தாள், சூம்பின காலைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"நாளைக்கி வில்லியனூர் தேரு. லீவாச்சே."

"நான் வந்து தொறக்கறேன்."

"வரேன்," என்றாள். "இந்தத் தடவ ஏமாத்தாத."

கல்லூரிக்குத் திரும்பி, அன்றைய கேசட் ஒன்றைக்கூட எந்திரத்தில் வைக்காமல், மின்சார பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். ஓடாத எந்திரத்தில் எது வரும் பார்க்கலாம் என்று ஓர் அற்ப தைரியம்.

வெள்ளிக்கிழமை காலை கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது. தூரத்தில் வில்லியனூர் பக்கமிருந்து நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் காற்று திரும்பும்போதெல்லாம் கேட்டன. அவன் கூடத்தின் பூட்டில் சாவியை நுழைத்தபோது, உள்ளே எந்திரம் வேலை முடித்துவிட்டதென்று கூவியது. பிளக் தரையில்தான் கிடந்தது.

திறந்தான். நெஞ்சு அடைக்கிற அளவுக்கு ஈர மண் வாசம். அடியில் ஒரே ஒரு கேசட். அதற்குள் விரல் நீளத்துக்கு, மெழுகு ஏறின வெள்ளை நூல் மாதிரி ஒன்று சுருண்டிருந்தது. நுண்ணோக்கி தேவைப்படவில்லை. சின்ன உடல், அதிலிருந்து கிளைகள், நீண்ட ஒரு வால். தொட்டதையும் சுட்டதையும் ஓடிப்போய்ச் சொல்வதற்கென்றே படைத்தது. இடுக்கியால் எடுத்தான். பின்கழுத்தில் சுருக்கென்று ஒரு கிள்ளு. கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். அங்கே ஒன்றுமில்லை.

கண் தெரிந்தது. வாய் பேசியது. விரல்கள் மடங்கின. தலையிலிருந்து கால்வரை தடவித் தடவிப் பார்த்தான், புதிதாக எதுவும் குறையவில்லை. அவ்வளவுதான், அவளே மனம் இறங்கி நிறுத்திவிட்டாள் என்று நினைத்தான். மூன்று நாளில் முதல் தடவையாக அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலையும் ஒரு வெள்ளை டப்பாவில் போட்டு மூடினான்.

எட்டு மணிக்கு மணியம்மாள் வந்தாள். குளித்துத் தலை முடிந்து, நெற்றி நிறைய விபூதி. டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"நாலு கீது. ஒன்னுதான எடுத்தீங்க?"

"வெட்டும்போது நாலாப் போச்சு."

அவள் வலது கையை நீட்டினாள். கடலை உரித்து நகம் கறுத்த உள்ளங்கை. "எம் பொண்ணுதுதான்னு சத்தியம் பண்ணு."

ஜன்னல் வழியாக வெயில் அந்தக் கைமேல் விழுந்திருந்தது. அவளுக்குப் பின்னால் காரிடாரில் கால் இழுபடும் சத்தம் வந்து, கதவருகே நின்றது. கேட்கத்தான் வந்திருக்கிறது. இப்போதுகூடச் சொல்லலாம். இல்லைம்மா, இது நான், இது என் உடம்பு, உன் பெண்ணை நான் எரித்துவிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவள் அதை எடுத்துப் போக மாட்டாள்.

அவன் அந்தக் கையில் அடித்தான். "சத்தியமா உங்க பொண்ணுதுதான்."

காலடி திரும்பிப் போயிற்று. இந்தத் தடவை இழுக்கவில்லை. இரண்டு காலும் பதிந்து நடந்து போயிற்று.

"டப்பா எல்லாம் வேணாம்," என்று மணியம்மாள் நான்கையும் எடுத்து முந்தானை முனையில் வைத்து முடிந்தாள். முடிச்சை இறுக்கினாள். அந்தக் கணம் அருள்தாஸின் மூச்சு நின்றது. முதுகுத்தண்டு முழுக்க யாரோ துணியில் சுற்றிப் பிழிந்தார்கள். அவன் கத்த வாயைத் திறப்பதற்குள் அவள் படி இறங்கிவிட்டாள். தேர் கிளம்பினால் பஸ் விட மாட்டான், நான் முன்னாடி போயிடறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு எல்லாம் தெரிந்தது. அவள் மடியின் வெப்பம் தெரிந்தது. புடவையின் நூலிழை ஒவ்வொன்றும் உரசுவது தெரிந்தது. பஸ் குழியில் இறங்கி ஏறும்போது அவன் இடுப்பு தூக்கிப் போட்டது. எங்கே கிடந்தாலும் சேதி சொல்வதுதான் நரம்பின் வேலை. அதை எடுத்தவள் அவனோடு இருந்த தொடர்பை அறுக்காமல் எடுத்திருந்தாள். அந்த அம்மாள் எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

வண்டியை எடுத்தான். சூம்பின காலால் கியரை மிதித்து, தொங்கும் காது காற்றில் படபடக்க, வில்லியனூர் வரைக்கும் எப்படிப் போனான் என்று தெரியவில்லை. வில்லியனூரில் வழி இல்லை. நான்கு வீதியும் ஜனம். தேர் கோபுர உயரத்துக்கு நின்றது, வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள், மோர்ப் பந்தல், வேட்டு, சாம்பிராணி. போலீஸ்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

"சார், அவசரம். காட்டேரிக்குப்பம் போவணும்."

"தேர் நெலைக்கு வந்தப்புறம்தான் எல்லாம். ஓரமா நில்லுயா."

வண்டியைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். பத்து அடி போவதற்குள் முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. குளிர்ந்த காற்று எலும்பில் பட்டது. பிறகு உள்ளங்கை. கடலை உரித்த நகம் அவன் நீளம் முழுவதும் தடவியது, அம்மா குழந்தையைத் தடவுவதுபோல. பிறகு மண்வெட்டி மண்ணில் இறங்கும் அதிர்வு.

"பொதைக்காதீங்க!" என்று கத்தினான். "அது நான்! அவ இல்ல! அவளை எரிச்சிட்டேன்!"

நாலு மாதம் சொல்லாததை இப்போது நடுத்தெருவில் சொன்னான். வேட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடக் கேட்கவில்லை.

கீழே வைத்தாள்.

ஈரம். சில்லென்ற செம்மண். ஒரு பிடி விழுந்தது. இன்னொரு பிடி. தார் ரோட்டில் குப்புற விழுந்தான். சுற்றிக் கூட்டம் விலகி வட்டம் கட்டியது.

"சாமி வந்துடுச்சுடா! வழி வுடு, வழி வுடு!"

ஒரு பெண் ஓடி வந்து அவனைப் புரட்டி நெற்றியில் விபூதி அப்பினாள். இன்னொருத்தி குடத்துத் தண்ணீரைத் தலையில் கொட்டிக் கும்பிட்டாள். "இன்னா வேணும் சாமி, சொல்லு சாமி," என்று கிழவர் ஒருவர் குனிந்து கேட்டார். அவன் சொன்னான். அவர்களுக்கு அது உளறலாகத்தான் கேட்டது. பயபக்தியோடு தலையாட்டினார்கள். வடம் இழுபட்டது, தேர் அசைந்தது, ஜனம் திரும்பிக்கொண்டது.

மூன்றாவது பிடி. நான்காவது. மேலே ஒரு கை மண்ணைத் தட்டித் தட்டி அணைத்தது. பிறகு ஒரு பாரம். குடத்துத் தண்ணீர். பிறகு காலடி தள்ளிப் போயிற்று.

கண்ணுக்கு முன்னால் நல்ல வெயில். தேர்ச்சக்கரம், பூ, கர்ப்பூரம். உடம்புக்கு இருட்டு. இரண்டும் ஒரே நேரத்தில். எறும்பு ஒன்று ஏறி இறங்கியது. வேர் ஒன்று பட்டது. இவ்வளவுதானா, இதோடு போகுமா என்று ஒரு நொடி நினைத்தான்.

கீழே மண் அசைந்தது.

மேலே இருந்து இல்லை. கீழே இருந்து.

மெதுவாக. துழாவிக்கொண்டு. ஒரு விரல் தொட்டது. நின்றது. அடையாளம் பார்ப்பதுபோல் இன்னொரு விரல். பிறகு ஐந்தும் மூடின. அருள்தாஸ் ரோட்டில் விழி பிதுங்கக் கிடந்தான். வாயில் விபூதி. குரல் போய்விட்டது.

நகம் மெழுகைச் சுரண்டத் தொடங்கியது. அவசரமே இல்லை. ஒரு செதில். இன்னொரு செதில். கடலைத் தோலை உரிக்கும் பழக்கப்பட்ட கை. வெறும் நரம்பில் மண் ஒட்டியது.

பிறகு சுரண்டல் நின்றது. விரல்கள் அதைப் பத்திரமாகத் தூக்கின.

பல் பட்டது.